எள்ளு ஏன் திட்டுத் திட்டா முளைச்சுச்சு? திருப்பாலைக்குடி பக்கத்து ஒரு வயலோட நிகழ்வு ஆய்வு

திருப்பாலைக்குடி பக்கம் ஈசிஆர் ரோட்டுக்கு மேற்க எங்க மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. எப்பவும் மானாவாரி நெல்லுதான், புரட்டாசிலயே புழுதில விதைச்சுட்டு ஐப்பசி கார்த்திகை மழைய நம்பி இருக்கறது, தை கடைசில அறுப்பு முடிஞ்ச உடனே தாளடி ஈரத்த வச்சு எள்ளு போடுறது. ராம்நாடு மாவட்டத்துல வருஷத்துக்கு சராசரியா 800 மி.மீ. சொச்சம் மழை, அதுல பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்துலயே பெஞ்சு முடிஞ்சிரும், அதனால தைக்கு மேல வானத்த பாத்துக்கிட்டு இருக்க முடியாது, மண்ணுல மிச்சம் கிடக்குற ஈரம்தான் எள்ளுக்கு மொத்த முதலும்.

அந்த ஈரத்துல ஒரே ஒரு தடவதான் விதைக்க முடியும். முளைப்பு கெட்டுப்போச்சுன்னா மறு விதைப்புக்கு வழி இல்ல. இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

போன வருஷத்துக்கு முந்தின மாசிப் பட்டத்துல மாமா எள்ளு போட்டாரு. ஏக்கருக்கு 2 கிலோ போதும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவரு 4 கிலோ போட்டாரு, "காத்துல போறது, எறும்பு தூக்குறது, புறா பொறுக்குறது எல்லாம் போக நிக்கணும்ல மாப்ள"ன்னு சொன்னாரு. அவரு சொன்னதுல நியாயம் இருக்கு, எறும்பு எள்ள வரிசையா தூக்கிட்டுப் போறத எங்க ஊர்ல பாக்காத ஆளே கிடையாது. ஆனா பயிரு வந்தப்ப வயலு எப்படி இருந்துச்சுன்னா, வடக்கு வரப்பு ஓரத்துல கால் வைக்க இடமில்லாம நாத்தங்கால் மாதிரி அடைசலா நிக்குது, நடு வயல்ல பாய் விரிக்கிற அளவுக்கு வெத்து இடம், கிழக்கு மூலைல ஒண்ணுமே இல்ல. ஒட்டுன வயல்ல பக்கத்து வீட்டு அண்ணன் அதே வாரத்துல அதே ஈரத்துல 2 கிலோ போட்டு ஓரளவுக்கு ஒரே சீரா நிக்குது. மாமாவுக்கு அதுதான் தாங்கல. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, விதை மோசம்னு ஒருத்தர், மண்ணு செத்துப்போச்சுன்னு ஒருத்தர், டானிக் வாங்கி அடிங்கன்னு ஒருத்தர். மாமா மட்டும் "இன்னும் ரெண்டு கிலோ சேத்துப் போட்டிருக்கணும்"னு அதுலயே நின்னாரு.

நான் அதுக்கு முதல்ல ஒரு கணக்கு போட்டுக் காமிச்சேன், ஏன்னா இந்த ஒரு கணக்குதான் இந்த மொத்த விஷயத்தோட ஆணிவேர். 1000 எள்ளு விதை சுமார் 3 கிராம் எடை. அப்ப 2 கிலோல ஆறரை லட்சம் விதைக்கு மேல இருக்கு. ஒரு ஏக்கர்னா 4047 சதுர மீட்டர், வகுத்தா சதுர மீட்டருக்கு 165 விதை விழுது. நமக்கு கடைசில வேண்டியது எத்தன செடி? செடிக்கு செடி, வரிசைக்கு வரிசை 30 செ.மீ.ன்னு வச்சா சதுர மீட்டருக்கு 11 செடி. அவ்வளவுதான். அதாவது 2 கிலோ போட்டாலே வேண்டியத விட பதினஞ்சு மடங்கு விதை மண்ணுல கிடக்கு, மாமா போட்டது முப்பது மடங்கு. முப்பது மடங்கு போட்டும் வெத்து இடம் விழுதுன்னா குறை எண்ணிக்கைல இல்ல, விதை எங்க விழுந்துச்சு, எவ்வளவு ஆழத்துல போச்சு, அதுக்கு மேல வர்ற தெம்பு இருந்துச்சா, அதுலதான் இருக்கு. இன்னும் ரெண்டு கிலோ போட்டிருந்தா வடக்கு வரப்புல இன்னும் அடைசலா நின்னிருக்கும், நடு வயலு அப்படியேதான் கிடந்திருக்கும்.

சரி, அப்ப தோண்டிப் பாப்போம்னு போனோம். முளைப்புக் கோளாறுன்னா வெத்து இடத்துல தோண்டிப் பாக்காம யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க, பத்து நாளைக்குள்ள தோண்டுனா விதையே நமக்கு பதில் சொல்லும், அதுக்கு மேல போனா அழுகி மண்ணோட மண்ணாயிரும். அத்தை வீட்டு இரும்புக் கரண்டி ஒண்ண எடுத்துக்கிட்டு நடு வயல்ல உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா மேல இருந்து சுரண்டினோம். மேல ஒரு நகக்கண்ணு கனத்துக்கு மண்ணு ஓடு மாதிரி இறுகி இருந்துச்சு, கரண்டி நுனிய விட்டு நெம்புனா வில்லை வில்லையா பேந்து வருது. ஒரு வில்லைய தூக்கிப் பாத்தா அதுக்கு அடில வெள்ளை வெளேர்னு முளைத்தண்டு, மேல வர இடம் இல்லாம படுத்த வாக்குல ஓடி கொக்கி கொக்கியா சுருண்டு கிடக்கு, ரெண்டு விதையிலையும் விரியாம மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்கு. மாமா அத உள்ளங்கைல எடுத்து வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. இன்னும் கீழ போனா அரை சாண் ஆழத்துல விதை கிடக்கு, சிலது ஊதி வெடிச்சு முளை விட்டு அப்படியே நின்னுருச்சு, சிலது நசுக்குனா கொழகொழன்னு அழுகி வருது.

ஆழத்துக்கு காரணம் ரொட்டவேட்டர், அதாவது டிராக்டர் பின்னாடி பிளேடு சுத்தி மண்ணப் பொடியாக்குற கருவி. கல்டிவேட்டர்னு சொல்ற டிராக்டர் கொழுக் கலப்பைல ஒரு சால் ஓட்டி, விதைய வீசி, மூடுறதுக்கு மேல ரொட்டவேட்டர் ஒரு சுத்து விட்டிருக்காரு. ரொட்டவேட்டர் விதைய மூடாது, கலக்கும். எவ்வளவு ஆழத்துக்கு பிளேடு போகுதோ அவ்வளவு ஆழத்துக்கு விதையும் போகும். எள்ளுக்கு 3 செ.மீ. ஆழம் போதும், அதுக்கு மேல போனா கஷ்டம், ஏன்னா ஒரு விதையோட மொத்த எடையே 3 மில்லிகிராம், அதுல இருக்குற எண்ணெய எரிச்சுத்தான் வெளிச்சத்துக்கு வரணும். நிலக்கடலைப் பருப்பு ஒண்ணு எள்ள விட நூறு மடங்குக்கு மேல கனம், அது நாலஞ்சு செ.மீ.ல இருந்தும் முட்டிக்கிட்டு வரும். கடலை போட்டுப் பழகுன கை அதே பழக்கத்துல எள்ளுக்கும் மண்ணு தள்ளிருது, மணல் பாங்குல இருக்குற உச்சிப்புளி பக்கத்து சொந்தக்காரங்ககிட்டயும் இதே பழக்கத்த பாத்திருக்கேன்.

மேல ஓடு கட்டுனதுக்கும் ரொட்டவேட்டருக்கும் சம்பந்தம் இருக்கு. மண்ண மாவா அரைச்சு விட்டுருச்சு, விதைச்ச மூணாம் நாளு ஒரு தூத்தல் விழுந்துச்சு, ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா மாவா கிடந்த மண்ணு மேல தண்ணி பட்டு பூசுன மாதிரி படிஞ்சு, மறுநாள் வெயிலும் கடல் காத்தும் சேந்து காய வச்சு இறுக்கிருச்சு. நம்ம கடலோர மண்ணுல சோடியம் சேந்திருக்குற இடத்துல இது இன்னும் மோசமா நடக்கும், அப்படிப்பட்ட மண்ணு துகள் தண்ணி பட்டா ஒண்ணோட ஒண்ணு பிடிக்காம கரைஞ்சு போயி காஞ்ச உடனே சிமெண்ட் மாதிரி ஆயிரும். பக்கத்து அண்ணன் வயல்ல அதே தூத்தல்தான் விழுந்துச்சு, ஆனா அவரு கல்டிவேட்டரோட நிறுத்திட்டாரு, சின்னச் சின்ன கட்டியும் நெல்லுத் தாளும் மேல கிடந்துச்சு, ஓடு கட்ட இடமில்ல. நல்ல மண்ணுன்னா பொடியா இருக்கணும்னு நாம நினைக்கிறோம், விதைய சுத்தி பொடியா இருந்தா போதும், மேல கொஞ்சம் கரடு முரடா இருக்கறதுதான் இந்த ஊருக்கு நல்லது.

வடக்கு ஓர அடைசலுக்கு காரணம் சொல்லவே வேணாம், வெறும் விதைய கைப்பிடி கைப்பிடியா வீசுனா இவ்வளவு பொடி விதை ஒரு சீரா விழாது, அன்னைக்கு தெக்கத்திக் காத்து வேற.

இப்ப விதைக்கு வருவோம். வீட்டுல மீதி கொஞ்சம் விதை இருந்துச்சு, அத வாங்கி எண்ணி 100 விதைய ஈரத் துணில பரப்பி, சுருட்டி, தட்டுல வச்சு மூடி வச்சேன், அண்ணன்கிட்ட மீதி இருந்த விதையையும் அதே மாதிரி இன்னொரு துணில. எள்ளுக்கு முளைப்புச் சோதனைல மூணாம் நாளு ஒரு தடவ எண்ணணும், ஆறாம் நாளு கடைசியா எண்ணணும், லேப்லயும் அதுதான் முறை. எல்லாரும் கடைசி எண்ணிக்கைய மட்டும்தான் கேப்பாங்க, ஆனா என்னைக் கேட்டா நம்ம ஊருக்கு மூணாம் நாளு எண்ணிக்கைதான் முக்கியம். அண்ணன் விதை மூணாம் நாளே கிட்டத்தட்ட எல்லாம் முளைச்சு வேரு நீட்டிருச்சு. மாமா விதை மூணாம் நாளு பாதி கூட வரல, ஆறாம் நாளு அறுபது சொச்சத்துல நின்னுச்சு, அதுலயும் கொஞ்சம் வேரு நுனி பழுத்துப் போயி இருந்துச்சு. சான்று விதைக்கு குறைஞ்சபட்ச முளைப்பு 80 சதவீதம் இருக்கணும், சுத்தம் 97 சதவீதம், அண்ணன் வாங்குனது நீல அட்டை கட்டுன சான்று விதை.

அறுபது முளைச்சாலும் கணக்குப்படி தேவைக்கு மேல இருக்கேன்னு மாமா கேட்டாரு, சரியான கேள்வி. எண்ணிக்கை இருக்கு, வேகம் இல்ல. மாசில நம்ம கடற்கரைக் காத்து மேல் மண்ண ஒவ்வொரு நாளும் உறிஞ்சிக்கிட்டே இருக்கு, மேல இருக்குற ரெண்டு விரக்கடை ஈரம் நாலஞ்சு நாளைக்கு மேல தாங்காது. தெம்பான விதை அதுக்குள்ள வேர கீழ இறக்கிரும், அப்புறம் மேல காஞ்சாலும் கவலை இல்ல. சோம்பி முளைக்கிற விதை ஊறி கண் திறக்கும்போது சுத்தி ஈரம் போயிருக்கும், ஓடு கட்டுறதுக்கு முன்னாடி வெளில வரவும் அதால முடியாது.

விதை ஏன் அப்படி ஆச்சுன்னு பாத்தா அது விதைச்ச அன்னைக்கு நடந்த தப்பு இல்ல, முந்தின வருஷம் களத்துலயே ஆரம்பிச்சது. எள்ளு கீழ இருந்து மேல காய் காய்க்குற பயிரு, அடிக்காய் மஞ்சளா ஆகும்போது நுனிக்காய் இன்னும் பச்சை. அறுத்துக் கட்டுக் கட்டி அம்பாரம் போட்டு, அப்புறம் வெயில்ல நிப்பாட்டி முதல் தடவ கவுத்து உதறுனா விழறது எல்லாம் அடிக்காய், நல்லா விளைஞ்ச கனமான எள்ளு. மறுநாள் அதுக்கு மறுநாள் தட்டுனா விழறது நுனிக்காய், சப்பை சவரு அதுலதான் ஜாஸ்தி. மாமா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, வியாபாரிக்கு போட்டது போக மிஞ்சுனத விதைக்கு வச்சிருக்காரு. வச்சது எங்கன்னா யூரியா சாக்குல, உள்ள பிளாஸ்டிக் பை, வாயக் கட்டி ஓட்டு வீட்டு மூலைல. எள்ளுல பாதி எண்ணெய், ஈரத்தோட கட்டிப் போட்டா அந்த எண்ணெய் காறிப் போயிரும், கூடவே விதையோட உயிரும் போயிரும். சாதாரண பைல வைக்க விதை ஈரம் 9 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, காத்து புகாத டப்பாவுல அடைக்கணும்னா 5 சதவீதத்துக்கு காய வச்சிருக்கணும். பிளாஸ்டிக்க நாம பாதுகாப்புன்னு நினைக்கிறோம், சரியா காயாத விதைக்கு அதுதான் எமன். ஐப்பசி கார்த்திகைல நம்ம கரையோரக் காத்துல உப்பு டப்பாவே கசியுது, விதை சும்மா இருக்குமா.

அந்த வருஷம் வெத்து இடத்துல மறுபடி விதை போடலாமான்னு கேட்டாங்க, வேணாம்னேன். ஈரம் போயிருச்சு, அப்படியே நாலு முளைச்சாலும் முன்ன நிக்கிறது அறுப்புக்கு வரும்போது இது பூவுல நிக்கும், பிந்தினதுக்காகக் காத்திருந்தா முந்தினது வெடிச்சுக் கொட்டிரும். அதுக்கு பதிலா வடக்கு ஓரத்த கலைச்சு விடுங்கன்னு சொன்னதுக்குத்தான் பெரிய சண்டை. "முளைக்காதத பத்தி அழுதுக்கிட்டு இருக்கேன், முளைச்சத பிடுங்கச் சொல்றியே"ன்னாரு. அவரு மனசு புரியாம இல்ல, ஆனா அடைசலா விட்டா ஒத்தக் குச்சியா உசரமா போகும், பக்கக் கிளை வராது, ஒண்ணுக்கு வேரழுகல் வந்தா கிட்ட நிக்கிறதுக்கு எல்லாம் வரும். விதைச்ச பதினஞ்சாம் நாளு 15 செ.மீ.க்கு ஒண்ணு, முப்பதாம் நாளு 30 செ.மீ.க்கு ஒண்ணுன்னு நிப்பாட்டணும். கடைசில அத்தைதான் ரெண்டு பேர கூட்டிட்டுப் போயி பாதி ஓரத்த கலைச்சு விட்டாங்க, மீதிய மாமா விடல. அறுப்பு சமயத்துல ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல பாத்தோம், கலைச்ச பக்கம் செடிக்கு நாலஞ்சு கிளை, அடில இருந்து காய், கலைக்காத பக்கம் நுனில மட்டும் கொஞ்சம் காய். அதுக்கப்புறம் மாமா இதப் பத்தி வாதாடல.

அடுத்த பட்டத்துக்கு என்ன மாத்துனோம்னு சொல்றேன். விதை புதுசா வாங்குனாங்க, டிஎம்வி 7, பழுப்பு எள்ளு, 80ல இருந்து 85 நாள்ல வந்துரும். திருவில்லிபுத்தூர்ல வந்த எஸ்விபிஆர் 1 வெள்ளை எள்ளுக்கு விலை நல்லா இருக்கேன்னு ஒரு யோசனை ஓடுச்சு, ஆனா நம்ம பக்கத்து செக்குக்காரங்க கேக்குறது கருப்பும் பழுப்பும்தான், அதனால விட்டுட்டோம். ரகத்த விட எனக்கு முக்கியமாப் பட்டது அட்டைல இருக்குற சோதனைத் தேதியும் காலாவதித் தேதியும், வாங்கி வந்தும் துணி டெஸ்ட் போட்டுத்தான் விதைச்சோம், அட்டை இருக்குன்னு அத விடல. நோய்ப் பூசணத்த அடக்குற நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா விரிடிய கிலோவுக்கு 4 கிராம் கலந்து நிழல்ல உலத்துனோம். வேரழுகல் உண்டாக்குற பூசணம் மண்ணுலயேதான் இருக்கு, செடி வாடுனப்புறம் ஊத்துறத விட விதையோட போறது மேல். இதுக்கு பதிலா கார்பன்டசிம் 2 கிராம் கலக்குறவங்களும் உண்டு, ஆனா ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க, பூசணக்கொல்லி டிரைக்கோடெர்மாவையும் சேத்துக் கொன்னுரும்.

நெல்லறுப்பு முடிஞ்ச உடனே ஓட்டணும்ங்கறதுல இந்த தடவ கறாரா இருந்தோம். செயின் வண்டி வந்து அறுத்துட்டுப் போனா அந்த தடம் விழுந்த இடமெல்லாம் இறுகிக் கிடக்கும், நாலு நாள் விட்டா கட்டி கட்டியா பேரும், அன்னைக்கே ஓட்டுனா சேறா இழுக்கும். மண்ண கைல பிடிச்சா உருண்டை நிக்கணும், கீழ போட்டா உதிரணும், அந்தப் பதம்தான். கல்டிவேட்டர் ரெண்டு சால் மட்டும், ரொட்டவேட்டர் கிடையாது. 2 கிலோ விதையோட நாலு பங்கு மணல் கலந்து, ரெண்டு பாதியாப் பிரிச்சு, ஒரு பாதி தெக்கு வடக்கா, மறு பாதி கிழக்கு மேற்கா, காத்து எழும்புறதுக்கு முன்னாடி விடியக்காலைல விதைச்சோம். மூடுறதுக்கு சீமைக்கருவேல முள்ளுக் கிளை நாலஞ்ச கட்டி மேல ஒரு சின்னக் கட்டைய வச்சு இழுத்தோம், தாத்தா காலத்துல மாட்ட வச்சு இழுத்த அதே வேலைதான். முள்ளு மேல் மண்ண மட்டும் சீய்க்கும், விதை ஒண்ணரை விரக்கடைக்கு மேல போக வழி இல்ல. இந்த மாவட்டத்துல தண்ணிய உறிஞ்சுதுன்னு நாம வையாத நாளு இல்லாத அந்தக் கருவேலம் எள்ளு விதைப்புக்கு இவ்வளவு உபயோகமா இருக்குறது எனக்கு உண்மையிலயே சந்தோஷம். ஒரு கவனம், முளை மேல வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஓடு உடைக்கிறேன்னு முள்ள இழுத்துராதீங்க, கொக்கி கழுத்து ஒடிஞ்சு எல்லாம் போயிரும், விதைச்ச ரெண்டு மூணு நாளைக்குள்ள மழை விழுந்து இறுகுதுன்னா மட்டும் மெல்லிசா ஒரு இழுப்பு இழுக்கலாம்.

முப்பதாம் நாள் கலைப்புக்கு அப்புறம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயித்துச் சட்டம் ஒண்ணு கட்டி கண்ண மூடிட்டு அங்கங்க வீசி எண்ணுனோம், பெரும்பாலும் பத்து பன்னெண்டு செடி, வெத்து இடம் அங்கொண்ணு இங்கொண்ணுதான். விளைச்சல் மூட்டைக் கணக்க நான் இங்க ஒப்பிடல, ரெண்டு வருஷமும் மழை ஒண்ணு கிடையாது, அந்த ஒப்பீடு நியாயம் இல்ல. முளைப்பும் நிலைப்பும் சரியா வந்துச்சான்னு கேட்டா வந்துச்சு, பாதி விதைல வந்துச்சு.

கிழக்கு மூலை மட்டும் மறுபடியும் கை கொடுக்கல. அங்க தோண்டுனப்ப விதை சரியான ஆழத்துலதான் இருந்துச்சு, ஈரமும் இருந்துச்சு, ஆனா முளைச்ச வேரு அரை விரக்கடைல பழுப்பா கருகி நின்னுருச்சு. காஞ்சா மேல வெள்ளையா பூக்குற மண்ணு அது, உப்பு. ஈரம் இருந்தும் விதையால குடிக்க முடியாத நிலை. எள்ளு உப்பு தாங்குற பயிரு இல்ல, தண்ணி தேங்குனாலும் தாங்காது, அந்த மூலைல ரெண்டும் இருக்கு. அந்த மண்ண மட்டும் தனியா எடுத்து பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன், ரெண்டு ஏக்கர் மண்ணையும் கலந்து ஒரே பைல கொடுத்தா அந்த மூலையோட உப்பு மத்த மண்ணுல கரைஞ்சு ரிப்போர்ட்ல தெரியாமப் போயிரும். உப்பு மட்டும் இருந்தா மழைத்தண்ணிய நிப்பாட்டி வடிச்சு விட்டா குறையும், சோடியமும் சேந்து களர் ஆயிருந்தா ஜிப்சம் போட்டுத்தான் வடிக்கணும், எவ்வளவு போடணும்ங்கறது ரிப்போர்ட்டப் பாத்துத்தான். ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, இந்த மாதிரி மண்ணுக்குன்னே இருக்குற இடம், அங்க போயி கேக்காம உரக்கடைல போயி கேக்குறது எனக்கு மனசு ஆறாது. இப்போதைக்கு அந்த மூலைல எள்ளு போடல, வர்ற மழைக்கு தக்கைப்பூண்டு விதைச்சு பூக்குறப்ப மடக்கி உழுகுறதா முடிவு பண்ணிருக்காங்க.

இனி வருஷா வருஷம் விதை வாங்கணுமான்னு ஊர்ல கேக்குறாங்க. தேவை இல்ல. எள்ளு பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்குற பயிரு, ரகம் சட்டுன்னு கெட்டுப்போகாது, மூணு நாலு வருஷம் சொந்த விதைய ஓட்டலாம். ஆனா விதைக்குன்னு எடுக்குறது வயலோட நல்ல பகுதில, பூவெல்லாம் இலையா மாறுற நோய் வந்த செடிய முன்னாடியே பிடுங்கி எறிஞ்ச இடத்துல, முதல் உதறல்ல விழுந்ததா இருக்கணும், சலிச்சுப் புடைச்சு காலை வெயில்ல நல்லா காய வச்சு துணிப்பைல போட்டு, தரைல வைக்காம உசரத்துல தொங்க விடணும், தை பொறந்ததும் 100 விதைய எண்ணி துணில போட்டு மூணாம் நாளு பாக்கணும். மாமா வீட்டுல இந்த வருஷ முதல் உதறல் ஒரு படி தனியா உத்திரத்துல தொங்குது, பை மேல ரகமும் அறுத்த மாசமும் அத்தை கையெழுத்துல இருக்கு.